டொமியின் மடிந்த காது

என்னங்க,

கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் எனக்கு வரவே இல்லை, இனி வந்தும் பயனில்லை. குசினி அடுப்படியிலிருந்து "என்னங்க" என்றால் முன்னறையிலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும். இப்போதும் மனதுக்குள் கூப்பிட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடுகிறேன்.

ஏதாவது நல்ல சேதி சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். தேடிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. நம் நாய் டொமியின் காதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த கதையையும் முதலிலிருந்தே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் எந்த இடத்தில் கை நழுவியது என்று எனக்காவது விளங்கும்.

ஒரு தீபாவளிக் காலையில் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சாக்கடைக் கானில் கிடந்தான் என்று உங்கள் காக்கிச் சட்டையில் சுருட்டி எடுத்து வந்தீர்கள். யாரோ வாலிபப் பயல்கள் பக்கத்தில் வெடி கொளுத்திப் போட்டிருக்கிறார்கள். ஒரு காதிலிருந்து இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. "இருக்கிற வாய்க்கே இங்க ஆக்கிப் போட முடியல, இது வேறயா" என்று கேட்டேன். "ரெண்டு நாளைக்குத்தான் மகேசு, காயம் ஆறட்டும்" என்றீர்கள். அந்த இரண்டு நாள்தான் இத்தனை வருஷமாக நீங்கள் உட்காருகிற கதிரைக்கு அடியில் படுத்துக் கிடக்கிறது.

அடிபட்டது நிமிர்ந்த காது. அது பார்வைக்குத்தான் காது, அதில் பிறகு எதுவும் கேட்கவில்லை. மற்றது மடிந்த காது. இலையைப் பாதியில் மடித்த மாதிரி தொங்கும். அவன் கேட்டதெல்லாம் அந்த ஒன்றில்தான்.

அந்த ஒன்றுக்குத்தான் ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் நோவு வரும். மூடிக் கிடக்கிற காது, நனைந்தால் காயாது. முதலில் தலையை உதறுவான், பிறகு பின்னங்காலால் பிறாண்டுவான், அப்புறம் உள்ளே கறுப்பாக அழுக்குச் சேர்ந்து, புளித்த தோசை மாவு மாதிரி ஒரு வாடை அடிக்கும். அந்த வாடைக்கே நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போய்விடுவேன். நீங்கள் அவன் காதுக்குள் மூக்கை வைத்து, குழம்புக்கு உப்புப் பார்க்கிற ஆள் மாதிரி மோந்து பார்ப்பீர்கள்.

அதற்குப் பிறகு நடப்பது எனக்கு மனப்பாடம். கோவில் வளவு மரத்திலிருந்து ஒரு கொத்து வேப்பிலை. அதைக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்து, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவைக்க வேண்டும். பழைய வேட்டித் துண்டை விரலில் சுற்றி, அந்தத் தண்ணீரில் நனைத்து, ஒட்டப் பிழிந்து, விரல் போகிற மட்டும் துடைப்பீர்கள். அப்புறம் உலர்ந்த துணியால் ஒரு தரம். பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை, பிறாண்டிப் புண்ணான வெளித்தோலில் மட்டும் தடவுவீர்கள். "உள்ள எதையும் ஊத்தப்படாது. உள்ள ஊத்துறது நம்ம வேலை இல்ல" என்று அந்த நாயிடமே சொல்லுவீர்கள்.

கடைசியில்தான் கூத்து. காதுக்குள் காற்றுப் பட வேண்டும் என்று அதை மேலே தூக்கி, என்னுடைய பழைய ரிபனால் உச்சந்தலையில் கட்டிவிடுவீர்கள். கொண்டை போட்ட மணப்பெண் மாதிரி டொமி மஹய்யாவ ரோட்டில் நடந்து போவான். பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் எல்லாம் நின்று சிரிக்கும். வெட்கமே இல்லாமல் வாலை ஆட்டுவான், உங்களை மாதிரியே.

இன்னும் ஒன்று சொல்லுவீர்கள். "தலை ஒரு பக்கமாச் சாய்ஞ்சிருச்சின்னா, சீழ் வந்துருச்சின்னா, அது கைமருந்துக்கு அடங்காது. டொக்டர்கிட்டப் போயிறணும்." சொன்னபடி செய்தும் இருக்கிறீர்கள். ஒரு வருஷம் அவன் தலை கொஞ்சம் கோணியதும், கலஹாவுக்கு வந்த ஆட்டோ ஹயரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, அவனை ஏற்றிக்கொண்டு மிருக வைத்தியரிடம் பறந்தீர்கள்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. கோபத்தில்தான் சொல்கிறேன்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்று காலையில் உங்கள் முகமெல்லாம் வேர்த்திருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போவமுங்க" என்றேன். "வாய்வு புள்ள. இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? இஞ்சியத் தட்டிப் போட்டுக் கொதிக்கவச்சிக் குடு" என்றீர்கள். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. கோப்பையில் ஊற்றி ஆறவைத்தேன். அது ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நாய்க்குத் தலை சாய்ந்தால் டொக்டர், உங்களுக்கு இஞ்சித் தண்ணீர். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டும் அதைத்தான் கேட்டேனாம். அழுகிறேன் என்று நினைத்து எல்லோரும் கூட அழுதார்களாம்.

நீங்கள் ஓட்டிய ஆட்டோவை நம் கீழ்வீட்டு நசீர் நானாவே எடுத்துக்கொண்டார். தெரியாத ஆள் கைக்குப் போவதைவிட அது மேல் என்று மாமாவும் சொன்னார். புடவைக் கடை வேலையை நான் விடவில்லை. காலையில் டவுனுக்குப் போய், சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் வந்துவிடுகிறேன். மாமா, உங்கள் அப்பா, மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பிப் போகமாட்டேன் என்றுவிட்டார். அங்கே லயத்து அறையில் இப்போது யார் இருக்கிறார்கள்? மகள் மாத்தளையிலிருந்து போன் போட்டு இரண்டு பேரையும் அங்கே வரச் சொன்னாள். "டொமிய என்ன செய்றது?" என்று கேட்டேன். "அம்மா, அது நாய்தானேம்மா" என்றாள். அவள் மேல் பிழை இல்லை, அவள் தூரத்தில் இருக்கிறாள்.

நீங்கள் தினமும் ஆறு மணிக்குக் குழாயடி வளைவில் திரும்பும்போது ஒரு ஹோன் அடிப்பீர்களே. அடுப்பில் தேயிலைச் சாயத்தண்ணியை ஏற்று என்று எனக்குச் சொல்லுகிற ஹோன். முப்பத்தொன்றாம் நாள் காரியம் கழிந்த பிறகு ஒரு நாள், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன், அதே ஹோன் அதே வளைவில் கேட்டது. நசீர் நானா ஆட்டோவை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். வளைவில் யாராயிருந்தாலும் ஹோன் அடித்துத்தான் ஆக வேண்டும். அது எனக்குப் புத்தியில் பட்டது. டொமிக்குப் படவில்லை. கதிரைக்கு அடியிலிருந்து பாய்ந்து வாசலுக்கு ஓடினான்.

ஆட்டோ நம் வாசலைத் தாண்டும்போது நானா மெதுவாக்கினார். டொமி உள்ளே எட்டி, சீட்டை மோந்து பார்த்தான். அப்புறம் திரும்பி வந்து படுத்துக்கொண்டான். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும். இந்த நாய்க்கு மூளையே கிடையாதா என்று முதலில் நினைத்தேன்.

அப்புறம் ஒன்று நடந்தது. ஆறு மணியாகும்போது நானே டொமியைப் பார்க்க ஆரம்பித்தேன். நமக்குக் கேட்பதற்கு முன்னாலேயே அவனுக்குக் கேட்டுவிடும். அந்த மடிந்த காதின் அடி மட்டும் கொஞ்சம் தூக்கும், துணி காற்றில் அசைகிற அளவுதான். அது தூக்கினதும் எனக்கு உள்ளே ஏதோ ஒன்று எழுந்து நிற்கும். அவன் ஓடிப் போய்த் திரும்பி வரும்வரை, அந்தக் கொஞ்ச நேரம், நீங்கள் வந்துகொண்டிருக்கிறீர்கள். பைத்தியம் என்று சொல்லுங்கள், பரவாயில்லை. நாள் முழுவதும் கடையில் நின்று புடவை விரித்து மடித்ததெல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான்.

அதனால் இந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்தபோது எனக்குப் பயம் வந்தது. இவன் நாய், நோவு வரும் போகும் என்று இருந்துவிட முடியவில்லை. அந்தக் காது எனக்கு வேண்டியிருந்தது.

நினைத்த மாதிரியே தலையை உதறினான். வேப்பிலை பறித்து வந்தேன், உப்பும் மஞ்சளும் போட்டேன், உங்கள் வேட்டியையே கிழித்தேன். துணியைச் சுற்றிய விரலைக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோனதும் கடித்துவிட்டான். இத்தனை வருஷம் என் கையால் சோறு தின்றவன். கையில் இரத்தம் வந்ததைவிட, என்னை யார் என்று பார்த்தானே அந்தப் பார்வைதான் வலித்தது. சாக்கால் போர்த்திப் பிடித்தேன், சட்டென்று நழுவினான். என் பங்குக்கு நாலு வார்த்தை நன்றாகத் திட்டினேன். ரிபன் கட்டியதும் போய்ச் சுவரில் உரசிக் கழற்றிவிட்டு வந்தான்.

அக்கம்பக்கத்தில் செய்தி பரவியதும் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். மேல்வீட்டு அக்கா சின்ன வெங்காயச் சாறு பிழிந்து ஊற்றச் சொன்னாள். தெருக்கோடியில் இருக்கிற டீச்சர் ஊறுகாய்க்கு விடுகிற வினாகிரியைத் தண்ணீரில் கலக்கச் சொன்னார். மடுல்கெல்லைச் சொந்தக்காரர் ஒருவர் பீடிப் புகையைக் காதுக்குள் ஊதினால் புழு இருந்தாலும் ஓடிவிடும் என்றார். நசீர் நானா ஒரு சின்னப் போத்தலோடு வந்தார். "கருஞ்சீரக எண்ண தங்கச்சி. மவுத்தத் தவிர எல்லாத்துக்கும் மருந்து. ரெண்டு சொட்டு ஊத்தினா போதும்" என்றார்.

"ஊத்தப்படாதுன்னு அவுங்க சொல்லியிருக்காங்க நானா" என்றேன். அவர் போத்தலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். உங்கள் சொல்லை நான் எல்லோரிடமிருந்தும் காப்பாற்றினேன். வீட்டுக்குள் ஒரு ஆளை மட்டும் பார்க்க மறந்துபோனேன்.

மாமா எப்படி இருக்கிறார் என்று இன்னும் சொல்லவில்லை. நீங்கள் போன பிறகு அவருக்கு ஒரே வேலைதான். உங்கள் படத்துக்கு முன்னால் இருக்கிற விளக்கு. முப்பத்தொன்று வரைக்கும் அணையாமல் பார்த்துக்கொண்டார், அதற்குப் பிறகும் விடவில்லை. காலையில் திரியை மாற்றுவார், கரியைத் துடைப்பார், எண்ணெய் விடுவார், அப்புறம் படத்துக்கு நேரே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பெற்ற மகனுக்கு விளக்கு வைக்கிற தகப்பனிடம் என்ன பேசுவது?

விளக்கில் மிஞ்சுகிற எண்ணெயை நாம் கண்ட இடத்தில் கொட்டமாட்டோம் அல்லவா. கால் மிதி படக்கூடாது என்று செடி அடியில் ஊற்றுவோம். தோட்டத்தில் அதை எடுத்துக் குளிருக்குப் பிடித்த முழங்காலில் தேய்ப்பார்கள். குழந்தைக்குச் சளி என்றால் நெஞ்சில் ஒரு பொட்டுத் தடவுவார்கள். மாமா அதிலேயே வளர்ந்தவர்.

கொஞ்ச நாளில் டொமி அடங்கினான். பிறாண்டுவது குறைந்தது, உங்கள் படத்துக்குக் கீழேயே சுருண்டு கிடந்தான். வேப்பந்தண்ணீர் வேலை செய்கிறது என்று நானும் நம்பினேன். ஆனால் குனிந்தால் அவன் தலையில் புளித்த மாவு வாடை இல்லை, வேறொரு வாடை அடித்தது. கோவிலுக்குப் போய்வந்த ஆள் மாதிரி விளக்கு வாடை. படத்துக்குக் கிட்டப் படுக்கிறான், ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்குப் பௌர்ணமிப் போயா, கடை லீவு. பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். சவர்க்காரம் தீர்ந்துபோய் உள்ளே வந்தபோது மாமா தரையில் உட்கார்ந்திருந்தார். டொமியின் தலை அவர் மடியில். கையில் தேக்கரண்டி. விளக்கிலிருந்து எண்ணெயை அள்ளி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தார். அப்புறம் மடிந்த காதைத் தூக்கி, கரண்டியோடு உள்ளே சாய்த்தார். திரியின் கரி மிதந்துகொண்டிருந்த கறுத்த எண்ணெய். என்னைக் கடித்த நாய் அவருக்குக் கண்ணை மூடிக் காட்டிக்கொண்டு கிடந்தது.

"என்ன மாமா செய்றீங்க?"

"ஒண்ணுமில்ல தாயி. நீ கடைக்குப் போனப்புறம் தெனமும் போடுறேன். பாரு, இப்ப பிறாண்டுறதே இல்ல."

"அது கடை எண்ணெய் மாமா. பல எண்ணெய் கலந்தது. திங்கக்கூடாதுன்னு போத்தல்லயே போட்டிருக்கு."

"கடையில இருக்கும்போதுதான் அது கடை எண்ணெய். இது அவன் முன்னால எரிஞ்ச எண்ணெய்." காதை மெல்ல மடித்து, அடியில் விரலால் நீவிவிட்டார். "அவன் கையால செய்ற வைத்தியம். அவன் இல்ல. அவன் கை பட்ட மாதிரி வேற எதத் தாயி நான் கொண்டாந்து போடுவேன்?"

என் வாய் உங்களுக்குத் தெரியும். ஊரில் யாரையும் விட்டுவைத்ததில்லை. அன்றைக்கோ மாமாவிடம் கையைத்தான் நீட்டினேன். கரண்டியை வாங்கிக் கழுவிவைத்தேன். "போதும் மாமா, ஆறட்டும்" என்று மட்டும் சொன்னேன். துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்து, சவர்க்காரம் எடுக்க வந்ததே மறந்துபோய், வெறும் கையால் உங்கள் அப்பாவின் சாரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

அன்று ஆறு மணிக்கு ஹோன் கேட்டது. எனக்குத்தான் கேட்டது. டொமியைப் பார்த்தேன். காதின் அடி அசையவே இல்லை. நசீர் நானா வளைவிலிருந்து இன்னொரு தரம் அடித்தார். அவன் கண் திறந்திருந்தது, என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

விடிந்து பார்த்தால் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எழுந்து நடந்தான், கதிரைக் காலில் போய் முட்டினான். நீங்கள் சொல்லிவைத்த அந்த அடையாளம். ஓடிப் போய் நானாவைக் கூப்பிட்டேன். உங்களுக்கு நான் செய்யாமல் விட்டதை உங்கள் நாய்க்கு என்றாலும் செய்கிறேன் என்று படியில் இறங்கும்போதே அழுகை வந்துவிட்டது.

ஆட்டோவைக் கண்டதும் அவன் நிமிர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். தலை கோணிய நாய், நிற்க முடியாத நாய், தானாகவே ஏறி முன்னால் உங்கள் கால்மாட்டில் அவனுடைய பழைய இடத்தில் போய் உட்கார்ந்தான். நானா ஹேண்டிலைப் பிடித்ததும் அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே வந்தான். நானாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னயப் பாக்காத வாப்பா, நான் என்ன செய்ய" என்று அவனோடு பேசிக்கொண்டே ஓட்டினார்.

டவுனில் மிருக டொக்டர் ஒரு இளம் பெண், சிங்கள நோனா. தங்கமான பிள்ளை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன், தெரியாததைக் கையால் சொன்னேன். சின்ன லைட்டை வைத்து உள்ளே வெகுநேரம் பார்த்தார். என்ன போட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காதுக்குள் ஜவ்வு ஏற்கெனவே நோவில் ஓட்டையாகியிருக்கலாம், இல்லாவிட்டால் பிறாண்டி உதறியதில் கிழிந்திருக்கலாம், அந்த ஓட்டை வழியாக எண்ணெயும் கரியும் உட்காதுவரை போய்விட்டது என்றார். பிறாண்டாமல் கிடந்தது சுகத்தில் இல்லையாம், வலியில் அடங்கிப்போயிருக்கிறான். ஊசியும் மாத்திரையும் கொடுத்தார். உயிருக்கு ஒன்றும் ஆகாது, தலை கொஞ்சம் நேராகும் என்றார். கேட்குமா என்று கேட்டேன். மற்றக் காது எப்படி என்று அவர் திருப்பிக் கேட்டார். தீபாவளி வெடிக் கதையைச் சொன்னேன். லைட்டை அணைத்து மேசையில் வைத்துவிட்டு, இனிக் கேட்காது அம்மா என்றார்.

இனிமேல் யாராவது காதுக்குள் எதையாவது ஊற்றச் சொன்னால், உள்ளே ஜவ்வு முழுசாக இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் விடாதீர்கள் என்றும் சொன்னார். எல்லோரிடமும் சொல்கிறேன் என்று தலையாட்டினேன். சொல்லியும் வருகிறேன். மேல்வீட்டு அக்காவுக்கு, டீச்சருக்கு, கடையில் கூட வேலை செய்கிற பிள்ளைகளுக்கு எல்லாம். சொல்லி என்ன, என் வீட்டில் நடந்தது நடந்துபோயிற்று.

திரும்பி வந்தபோது மாமா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். மழையில் நனைந்திருக்கிறார், உள்ளே போகத் தோன்றவில்லை போல.

"என்ன தாயி சொன்னாங்க?"

"வயசாயிருச்சாம் மாமா. நாய்ங்களுக்கு இந்த வயசுல காது மங்கத்தான் செய்யுமாம்."

"நான் போட்ட எண்ணெயினாலயா?"

"இல்ல மாமா. அதனாலதான் இத்தன நாளாச்சும் நோவு தெரியாம இருந்திருக்கான்னு சொன்னாங்க."

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தப் பொய்யைச் சொன்னேன். அவர் டொமியைத் தூக்கி, படத்துக்குக் கீழே படுக்கவைத்தார். "கேட்டியாடா" என்று உங்கள் படத்தைப் பார்த்துச் சொன்னார், "ஒன் வைத்தியம் கொஞ்சமாச்சும் வேல செஞ்சிருக்கு." நான் குசினிக்குப் போய்விட்டேன்.

அவருக்கு இப்போது கண்ணாடி போட்டாலும் எழுத்துத் தெரியாது, அந்தத் தைரியத்தில்தான் உண்மையை இங்கே எழுதுகிறேன். யாரும் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம். நீங்கள் இருந்திருந்தாலும் இதே பொய்யைத்தான் சொல்லியிருப்பீர்கள். நீங்கள் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது என்பது வேறு கதை.

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. மாமா மேல் முடியாது. மழை மேல் முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரு கைமருந்து இருக்கும் என்று நம்புகிற குடும்பம் நம்முடையது. இஞ்சி உங்களைக் காப்பாற்றவில்லை, விளக்கு எண்ணெய் அவனைக் காப்பாற்றவில்லை. இரண்டும் அன்பாகத்தான் கொடுத்தது. அன்பாகக் கொடுத்தது ஏன் இப்படி ஆக வேண்டும், சொல்லுங்கள்.

டொமி இப்போது சாப்பிடுகிறான். தலை கொஞ்சம் கோணலாகவே நின்றுவிட்டது, எதையோ கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. பின்னால் வந்து தொட்டால் திடுக்கிடுகிறான், அதனால் காலால் தரையைத் தட்டிவிட்டுத்தான் கிட்டப் போகிறோம். ஆறு மணி வருகிறது, போகிறது. அவனுக்கு அது வெறும் சாயங்காலம்.

முந்தாநாள் நசீர் நானா ஆட்டோவை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார். கேட்கத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"டொமிக்குத்தான் கேக்கிறல்லயே தங்கச்சி. நான் இங்கால வளைவுல வார நேரம் ஹோன் அடிச்சா ஒங்களுக்கு மனசு கஷ்டமாத்தானே ஈக்கும். வாணாமெண்டா செல்லுங்கொ, நான் மெதுவா திருப்பிக்கிட்டுப் போறன்."

சரி நானா, அடிக்க வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த ஹோனைக் கேட்டு எழுந்து ஓட இந்த வீட்டில் இனி யார் இருக்கிறார்கள்? மாமா விளக்கின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், டொமி தூங்குகிறான்.

"அடிங்க நானா" என்றேன்.

நேற்று ஆறு மணி. சோற்றுக்கு உலை வைத்திருந்தேன். வளைவில் ஹோன் கேட்டது. அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று நினைவில்லை. ஈரக் கையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆட்டோ மெதுவானது. நானா என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பாவம். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். பின் சீட்டு காலியாக இருந்தது. முன் சீட்டில் நீங்கள் இல்லை. ஆட்டோ கீழே போனது, நான் வீட்டுக்குள் வந்தேன்.

அப்போதுதான் ஒன்று விளங்கியது. நீங்கள் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் எழுந்து போனேன். அந்தச் சீட்டை முதல் நாள் மோந்து பார்த்தபோதே டொமிக்கும் தெரிந்துபோயிருக்கும். மூளை இல்லாத நாய் என்று நினைத்தேனே. தெரிந்துகொண்டேதான் அவனும் இத்தனை நாள் போனான்.

இனி அவனால் முடியாது. ஆகையால் நான் போகிறேன். மாமா இருக்கும்வரை அவர் விளக்குக்கு எண்ணெய் வாங்கிக் கொடுப்பேன், அந்த எண்ணெய் செய்ததை அவர் காதில் போடமாட்டேன். மழைக்கு மழை வேப்பிலை கொதிக்கவைத்து டொமியின் காதைத் துடைப்பேன், கடித்தாலும் துடைப்பேன், ரிபனும் கட்டுவேன். ஆறு மணிக்கு ஹோன் கேட்டால் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வாசலுக்குப் போவேன். பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். அடுத்த நாளும் போவேன்.

உங்களையும் உங்கள் நாயையும் திட்டிக்கொண்டே வாசலில் நிற்கிற
உங்கள் வீட்டுக்காரி,
மகேசு